முதல் இரண்டு வாரம் பாடம் நடத்துவதா, வகுப்பைப் பழக்குவதா?

கேள்வி:

ஆசிரியையாகச் சேர்ந்து ஒரு வருடம் முடிந்திருக்கிறது. ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். 42 பிள்ளைகள், 45 நிமிட பீரியட், வாரத்துக்கு 5 பீரியட். போன வருடம் முதல் நாளே 14 விதிகளை சார்ட்டில் எழுதி ஒட்டி, எல்லோரையும் சத்தமாக வாசிக்க வைத்தேன். இரண்டு மாதத்தில் அந்த சார்ட்டை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நான் உட்பட. இடைவேளை முடிந்து வகுப்பு அடங்க 5 நிமிடம், ஹோம்வொர்க் நோட்டு சேர்க்க இன்னொரு 5 நிமிடம் போய்விடும். கேள்வி கேட்டால் நாலு பேர் கத்திப் பதில் சொல்வார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். மூன்று பையன்கள் தினமும் தாமதமாகத்தான் உள்ளே வருவார்கள். வருடக் கடைசியில் என் தொண்டை போனதுதான் மிச்சம்.

இன்னும் மூன்று வாரத்தில் பள்ளி திறக்கிறது. ஸ்டாஃப் ரூமில் ஒருவர், “முதல் மாதம் சிரிக்கவே சிரிக்காதீங்க” என்கிறார். இன்னொருவர், “ஃப்ரெண்ட் மாதிரி பழகுங்க, எல்லாம் சரியாயிடும்” என்கிறார். மூன்றாமவர், “பிள்ளைங்களையே விதி எழுத விடுங்க” என்கிறார். தலைமையாசிரியரோ முதல் வாரமே எந்தப் பாடம் ஓடுகிறது என்று கேட்பார். எங்கே ஆரம்பிப்பது? பிள்ளைகளை எப்படி உட்கார வைப்பது?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

சிரிப்பதா வேண்டாமா என்பதை முதலில் ஓரமாக வைத்துவிடுவோம். அந்த இரண்டு பேர் சொன்னதும் உங்கள் முகத்தைப் பற்றிய யோசனை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு முதல் நாளில் அதைவிடப் பெரிய கவலைகள் உண்டு. எங்கே உட்காருவது, நோட்டை எப்போது எடுப்பது, புரியவில்லை என்றால் கேட்கலாமா, கேட்டால் திட்டு விழுமா, பாத்ரூம் போக என்ன சொல்ல வேண்டும். இதற்கெல்லாம் பதில் தெரிந்துவிட்டால் நீங்கள் சிரித்தாலும் வகுப்பு நடக்கும், சிரிக்காவிட்டாலும் நடக்கும். உங்கள் இயல்பு எதுவோ அப்படியே இருங்கள். நடிப்பை ஒரு வருடம் இழுக்க முடியாது. பிள்ளைகள் இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அந்த 14 விதிகளுக்கு வருகிறேன். விதிகளில் தப்பிருந்ததாக நான் நினைக்கவில்லை. எழுதி ஒட்டியதோடு வேலை முடிந்தது என்று விட்டதுதான் சிக்கல். 1968-ல் மாட்சன், பெக்கர், தாமஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் இரண்டு சிறு வகுப்புகளில் இதைச் சோதித்தார்கள். முதலில் ஆசிரியர்கள் விதிகளைச் சொல்லி, அடிக்கடி நினைவூட்ட மட்டும் செய்தார்கள். பிள்ளைகளின் நடத்தையில் சொல்லும்படியான மாற்றம் எதுவும் வரவில்லை. அப்புறம், சரியாக நடக்கும்போது கவனித்துப் பாராட்டுவதும் சின்னச் சின்னச் சேட்டைகளைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் சேர்ந்தபோதுதான் வகுப்பு மாறியது. ஆக, உங்கள் சார்ட் வேலை செய்யாமல் போனதில் அதிசயம் ஒன்றுமில்லை. சார்ட் மட்டும் எங்கேயும் வேலை செய்வதில்லை.

உங்கள் கடிதத்தையே திரும்பப் படித்துப் பாருங்கள். இடைவேளை முடிந்து உள்ளே வருவது, நோட்டு சேர்ப்பது, பதில் சொல்வது, தாமதமாக வருவது. நீங்கள் போர்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது வகுப்பு கலைந்ததாக ஒரு வரிகூட இல்லை. ஒரு வேலை முடிந்து இன்னொன்று தொடங்கும் இடைவெளிகளில்தான் கலைந்திருக்கிறது. அந்த நிமிடங்களில் என்ன செய்ய வேண்டும் என்று பிள்ளைகளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. சும்மா இருக்கும் 42 பேர் பேசத்தான் செய்வார்கள். 42 பெரியவர்களை ஒரு ஹாலில் விட்டாலும் அதுதான் நடக்கும். ஆசிரியர் கூட்டங்களில் பார்த்திருப்பீர்களே!

ஜேக்கப் கௌனின் என்ற உளவியலாளர் வகுப்புகளை வீடியோ எடுத்து ஆராய்ந்து 1970-ல் முடிவுகளை வெளியிட்டார். சேட்டை செய்யும் பிள்ளையை ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதில்தான் சூட்சுமம் இருக்கும் என்று தேடிப் போனவர் அவர். ஆனால் அடங்கிய வகுப்புகளிலும் அடங்காத வகுப்புகளிலும் கண்டிக்கும் விதத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கண்டிக்க வேண்டிய நிலை வருவதற்கு முன்னால் ஆசிரியர் என்ன செய்தார் என்பதில் வித்தியாசம் இருந்தது. வகுப்பு முழுவதையும் கண்ணில் வைத்திருப்பது, ஒரே நேரத்தில் இரண்டு விஷயங்களைப் பார்த்துக்கொள்வது, ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்குத் தடங்கல் இல்லாமல் நகர்த்துவது. இதில் மூன்றாவதைத்தான் முதல் இரண்டு வாரத்தில் நம்மால் கட்ட முடியும். முதல் இரண்டும் அனுபவத்தில் வரும்.

இன்னும் மூன்று வாரம் இருக்கிறது அல்லவா? ஒரு நாள் உட்கார்ந்து உங்கள் ஒரு பீரியடை மணி அடிப்பதிலிருந்து அடுத்த மணி வரை நிமிட வாரியாகத் தாளில் எழுதுங்கள். பாடத்தை எழுத வேண்டாம், பிள்ளைகளின் கையும் காலும் என்ன செய்கின்றன என்பதை மட்டும் எழுதுங்கள். உள்ளே வருகிறார்கள், பையை வைக்கிறார்கள், நோட்டு எடுக்கிறார்கள், பென்சில் இல்லை என்கிறார்கள், ஹோம்வொர்க் கொடுக்கிறார்கள், போர்டைப் பார்க்கிறார்கள், எழுதுகிறார்கள், ஒருத்தி சீக்கிரம் முடித்துவிடுகிறாள், ஒருவன் மாட்டிக்கொண்டு நிற்கிறான், மணி அடிக்கிறது, எல்லோரும் எழுகிறார்கள். தாள் நிறைந்துவிடும். அதில் உங்களை அதிகம் படுத்திய ஐந்து இடங்களை மட்டும் வட்டம் போடுங்கள். எல்லாவற்றையும் முதல் மாதத்தில் ஒழுங்குபடுத்தப் பார்த்தால் 14 விதி சார்ட் வேறு உருவத்தில் திரும்ப வந்துவிடும்.

உங்கள் கடிதத்தை வைத்து நானே ஐந்தைச் சொல்கிறேன். உள்ளே வந்து வேலை தொடங்குவது, எல்லோரும் அமைதியாகி உங்களைப் பார்ப்பதற்கான சைகை, நோட்டு சேர்ப்பது, கேள்விக்குப் பதில் சொல்வது, மாட்டிக்கொண்டாலோ சீக்கிரம் முடித்தாலோ என்ன செய்வது. வெளியே போகும் முறையை ஆறாவதாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாம் வாரத்தில் சேர்க்கலாம்.

உள்ளே வருவதுதான் எல்லாவற்றுக்கும் தலை. மணி அடிக்கும்போது நீங்கள் வாசலில் நிற்க வேண்டும். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து ரிஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டு “உக்காருங்க, உக்காருங்க” என்று சொல்வதால் ஒரு பயனும் இல்லை. போர்டில் இரண்டு மூன்று கணக்குகள் ஏற்கெனவே இருக்கட்டும், தினமும் அதே இடத்தில். உள்ளே வருகிறவர் உட்கார்ந்து நோட்டைத் திறந்து அதைப் போட ஆரம்பிக்க வேண்டும், உங்கள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராமலே. கணக்குகள் எளிதாக இருக்கட்டும். போன வருடப் பாடத்திலிருந்து யாரும் உதவியில்லாமல் போடக்கூடியதாக எடுங்கள். கஷ்டமான கணக்கு கொடுத்தால், “மிஸ், இது எப்படி?” என்று பத்துக் கை தூக்கும், அமைதி போய்விடும். அந்த 4 நிமிடத்தில் நீங்கள் அட்டெண்டன்ஸ் எடுத்துவிடலாம்.

இதை எப்படிக் கற்றுக்கொடுப்பது? பின்னங்களைக் கற்றுக்கொடுப்பது போலவேதான். ஒரு முறை சொல்லிவிட்டு, “புரிஞ்சுதா?” என்று கேட்டு, “புரிஞ்சுது மிஸ்” என்ற கோரஸை நம்பி யாரும் பின்னங்களை முடித்துவிடுவதில்லை. செய்து காட்டுவோம், செய்யச் சொல்வோம், திருத்துவோம், மறுபடி செய்யச் சொல்வோம். அதேதான் இங்கேயும்.

முதலில் ஏன் என்று இரண்டே வரியில் சொல்லுங்கள். அப்புறம் நீங்களே ஒரு மாணவியாக வெளியே போய் உள்ளே வந்து காட்டுங்கள். வாசலைத் தாண்டும்போது பேச்சை நிறுத்துவது, பையை வழியில் வைக்காமல் பெஞ்சுக்கு அடியில் தள்ளுவது, நோட்டைத் திறந்து தேதி போடுவது, முதல் கணக்கைத் தொடங்குவது. ஒரு முறை தப்பாகவும் செய்து காட்டுங்கள். வழியில் நின்று கதை பேசி, பையை நடுப்பாதையில் போட்டு, “என்னடி ஹோம்வொர்க்?” என்று கேட்டபடி. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இதை ரசிப்பார்கள். தங்களைத்தான் காட்டுகிறீர்கள் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் யாராவது ஒரு குறிப்பிட்ட பிள்ளையின் நடையையோ பேச்சையோ நடிக்கக் கூடாது. அது கேலியாகிவிடும், அந்தப் பிள்ளையை வருடம் முழுக்க இழந்துவிடுவீர்கள். தப்பான முறையைப் பிள்ளைகளைச் செய்யச் சொல்லவும் வேண்டாம். அதில் அவர்களுக்கு ஏற்கெனவே நல்ல பயிற்சி உண்டு.

அடுத்து அவர்கள் முறை. “இப்ப எல்லாரும் பையை எடுத்துக்கிட்டு வெளியே போங்க. இப்ப பார்த்த மாதிரி உள்ளே வந்து காட்டுங்க.” முதல் முறை பாதிப் பேர் சிரித்துக்கொண்டே வருவார்கள். கோபப்பட ஒன்றுமில்லை. எது சரியாக வந்தது என்று குறிப்பாகச் சொல்லுங்கள், எது வரவில்லை என்பதையும். “பை எல்லாம் சரியா உள்ளே போயிடுச்சு. வாசல்ல பேச்சு நிக்கல. மறுபடி ஒரு தடவை.” குரலில் தண்டனைத் தொனி வந்தால் இதுவும் தண்டனையாகிவிடும். “சரியா செய்யற வரைக்கும் விட மாட்டேன்” என்ற வாக்கியம் வேண்டாம். மூன்று முறைக்கு மேல் ஒரே நாளில் செய்ய வைக்கவும் வேண்டாம், மீதியை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். இடைவேளை முடிந்து வரும் பீரியட் உங்களுடையது என்றால் இந்தப் பயிற்சியை அந்த நேரத்திலேயே வையுங்கள். ஓடி விளையாடி வேர்த்து வரும்போதும் அதே முறையில் உள்ளே வர முடிகிறதா என்பதுதான் உண்மையான சோதனை.

சைகைக்கு வருவோம். உங்கள் தொண்டை போனதற்கு இது இல்லாததுதான் காரணமாக இருக்கும். கையை உயர்த்துவது, மேசையில் இரண்டு தட்டு, ஒரு சின்ன மணி, எதுவாகவும் இருக்கலாம். ஜலதோஷத்தில் குரலே வராத நாளிலும் உங்களால் செய்ய முடிகிற சைகையாகத் தேர்ந்தெடுங்கள். என் விருப்பம் உயர்த்திய கை, அதோடு வகுப்பின் ஒரே இடத்தில் வந்து நிற்பது. பார்த்தவர்கள் பேச்சை நிறுத்தி, கையிலிருப்பதைக் கீழே வைத்து, உங்களைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

கஷ்டம் பிள்ளைகள் பக்கம் இல்லை, நம் பக்கம். 42 பேரில் 35 பேர் அமைதியானதும் நமக்குப் பேச வாய் வந்துவிடும். அப்படிப் பேசிவிட்டால் அந்த 7 பேருக்கு ஒரு பாடம் நடத்திவிட்டோம்: மிஸ் கையைத் தூக்கினாலும் நாம் பேசிக்கொண்டிருக்கலாம். அடுத்த வாரம் 7 பேர் 15 ஆவார்கள். காத்திருங்கள். முதல் நாளில் அரை நிமிடம்கூட ஆகலாம், வாய் பேசாமல் நிற்கும்போது அது அரை மணி நேரம் போல இருக்கும். பேசுகிறவர்களை ஒருமுறை நேராகப் பாருங்கள், தேவையானால் பக்கத்தில் போய் நில்லுங்கள். “ஷ்ஷ்” வேண்டாம். சத்தத்துக்கு மேல் சத்தம் போடுவதைப் பழக்கிவிட்டால் அப்புறம் அதிலிருந்து இறங்கவே முடியாது. எல்லோரும் அமைதியானதும் நீங்கள் பேசுவது சுருக்கமாகவும் அவர்களுக்குத் தேவையானதாகவும் இருக்கட்டும். கையைத் தூக்கி 42 பேரையும் நிறுத்திவிட்டு ஒருவனுடைய அழுக்கு நோட்டைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினால் சைகைக்கு மதிப்பு இருக்காது.

நோட்டு சேர்ப்பதில்தான் அந்த மூன்றாம் நண்பர் சொன்ன யோசனையைப் பாதி எடுத்துக்கொள்வேன். பிள்ளைகளை விதி எழுத விட்டால் நீளமான பட்டியல் வரும், தண்டனைகளோடு. பெரியவர்கள் யோசிக்காத கடுமையான தண்டனைகளையெல்லாம் எழுதுவார்கள். விதியைக் கேட்காமல் வழியைக் கேளுங்கள். “போன வருஷம் நோட்டு சேர்க்க 5 நிமிஷம் ஆச்சு. 1 நிமிஷத்துல முடிக்க என்ன செய்யலாம்?” கடைசி பெஞ்சிலிருந்து முன்னால் கடத்தலாம் என்பார்கள், பக்கவாட்டில் கடத்தலாம் என்பார்கள், ஒவ்வொரு வரிசைக்கும் ஒருவர் என்பார்கள், உள்ளே வரும்போதே வாசலில் ஒரு பெட்டியில் போட்டுவிடலாம் என்பார்கள். இரண்டு முறைகளைத் தேர்ந்தெடுத்து கடிகாரம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எது குறைந்த நேரம் எடுத்ததோ அதுவே வருடம் முழுக்க. சராசரி, ஒப்பீடு என்று கணக்குப் பாடமும் நடந்துவிடும், தலைமையாசிரியரிடம் சொல்லவும் ஒரு தலைப்பு கிடைக்கும்.

பதில் சொல்லும் முறையில் பிள்ளைகளைவிட நாம்தான் மாற வேண்டியிருக்கும். மேரி பட் ரோ என்ற கல்வியாளர் 1970-களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஏறத்தாழ 1 விநாடிதான் காத்திருந்தார்கள் என்று கண்டார். 3 விநாடி காத்திருந்தபோது பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். உங்கள் வகுப்பில் அந்த நாலு பேர் கத்துவதற்கு ஒரு காரணம், கத்தினால் பதில் ஏற்கப்படுகிறது என்பது. கேள்வியைக் கேளுங்கள், மனதுக்குள் மூன்று எண்ணுங்கள், கை தூக்கியவர்களிலிருந்தும் தூக்காதவர்களிலிருந்தும் மாற்றி மாற்றிக் கூப்பிடுங்கள். கத்தி வந்த பதில் சரியாகவே இருந்தாலும் அதை எடுக்காதீர்கள், போர்டில் எழுதாதீர்கள். இது கொஞ்சம் கல்நெஞ்சம் வேண்டிய வேலை. அந்த நாலு பேர்தான் வழக்கமாக நம்மைக் காப்பாற்றுகிறவர்கள்! அவர்களைத் தனியாகக் கூப்பிட்டு ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மனம் கோணமாட்டார்கள்.

மாட்டிக்கொண்டவருக்கும் முடித்துவிட்டவருக்கும் ஒரு வரி போதும். மாட்டிக்கொண்டால்: நோட்டில் இதற்கு முன் போட்ட கணக்கைப் பார், பக்கத்தில் இருப்பவரிடம் மெல்லக் கேள், அப்புறம் என்னிடம் கை தூக்கு. முடித்தால்: போர்டின் ஓரத்தில் ஒரு கூடுதல் கணக்கு இருக்கும். இதையும் ஒரு முறை நடத்திக் காட்டுங்கள்.

இப்போது தலைமையாசிரியர். அவரிடம் கணக்காகவே பேசுங்கள். போன வருடம் ஒரு பீரியடுக்கு 10 நிமிடம் போனது என்று எழுதியிருக்கிறீர்கள். வாரத்துக்கு 5 பீரியட் என்றால் 50 நிமிடம், அதாவது ஒரு முழு பீரியடுக்கு மேல். பள்ளி வருடத்தில் 35 வாரம் என்று வைத்துக்கொண்டால் 1,750 நிமிடம். 45 நிமிட பீரியடாக வகுத்தால் ஏறத்தாழ 39 பீரியட். முதல் இரண்டு வாரத்தின் 10 பீரியடில் பாதி நேரத்தை இந்தப் பயிற்சிக்குக் கொடுத்தாலும் 5 பீரியட்தான் ஆகிறது. அந்தப் பத்து நிமிடம் மூன்றாகக் குறைந்தால்கூட போட்டதுபோல் ஐந்து மடங்கு திரும்பி வரும். மீதிப் பாதியில் நீங்கள் பாடமும் நடத்தப்போகிறீர்கள், முதல் நாளிலிருந்தே. சும்மா பயிற்சி என்று பயிற்சி செய்தால் பிள்ளைகளுக்கு அலுத்துவிடும். உண்மையான வேலைக்கு நடுவில் பழக வேண்டும். போர்டில் எழுதும் அந்தப் போன வருடக் கணக்குகளைப் பார்த்தே யாருக்கு எது வராது என்பதும் இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும். தனியாக ஒரு தேர்வு வைக்கத் தேவையில்லை.

எம்மர், எவர்ட்சன், ஆண்டர்சன் என்ற ஆய்வாளர்கள் மூன்றாம் வகுப்பு ஆசிரியர்களைப் பள்ளி திறந்த முதல் நாளிலிருந்தே வகுப்பில் உட்கார்ந்து கவனித்து, 1980-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். வருடம் முழுக்க நன்றாக ஓடிய வகுப்புகளின் ஆசிரியர்களும் விதிகள் வைத்திருந்தார்கள், மற்றவர்களும் வைத்திருந்தார்கள். நல்ல வகுப்புகளில் முதல் வாரங்களிலேயே வேலைமுறைகள் பாடம் போலக் கற்றுக்கொடுக்கப்பட்டன, திரும்பத் திரும்பச் செய்ய வைக்கப்பட்டன. தவறியவர்களை ஆசிரியர் உடனே கவனித்தார். தலைமையாசிரியர் ஆய்வு எங்கே என்று கேட்கிறவராக இருந்தால் இதைச் சொல்லுங்கள். அந்த 39 பீரியட் கணக்கே போதும் என்று நினைக்கிறேன்.

நாள் வாரியாக ஒரு திட்டம் கேட்பீர்கள் என்று தெரியும். முதல் நாள் உள்ளே வருவதும் சைகையும் மட்டும். இரண்டாம் மூன்றாம் நாள் அவற்றைத் திரும்பச் செய்துகொண்டே நோட்டு சேர்ப்பது. முதல் வாரக் கடைசியில் பதில் சொல்லும் முறை. இரண்டாம் வாரத்தில் மீதி. ஒன்று பழகவில்லை என்றால் அடுத்ததை ஒத்திப்போடுங்கள், ஓட வேண்டாம்.

மூன்றாம் வாரம் எல்லாம் கொஞ்சம் கலையும். கலையத்தான் செய்யும். புதிய பழக்கம் தானாக வர எவ்வளவு நாள் ஆகிறது என்று லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் செய்த ஆய்வு 2010-ல் வெளிவந்தது. நடுமதிப்பாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள், பழக்கத்துக்குப் பழக்கம் 18 நாளிலிருந்து 254 நாள் வரை விரிந்திருந்தது. அது பெரியவர்கள் தண்ணீர் குடிப்பது, உடற்பயிற்சி செய்வது போன்ற சொந்தப் பழக்கங்களைப் பற்றியது. வகுப்புக்கு அந்த எண்ணை அப்படியே கொண்டுவர முடியாது. ஆனால் ஒரு வாரத்தில் எதுவும் ஊறிவிடாது என்பதும், ஒரு நாள் தவறியதால் மொத்தமும் கெட்டுவிடாது என்பதும் அதில் தெளிவாகத் தெரிந்தன. அதனால் கலைந்த அன்று “உங்களுக்கெல்லாம் எத்தனை தடவை சொல்றது?” என்று ஆரம்பிக்காமல், “உள்ளே வர்றது சரியில்ல, இன்னொரு தடவை பார்த்துடலாம்” என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். ஒவ்வொரு நீண்ட விடுமுறை முடிந்த முதல் நாளும் முதல் நாள்தான்.

லீடரை விட்டுப் பேசுகிறவர்கள் பெயரை போர்டில் எழுத வைப்பது பல வகுப்புகளில் நடக்கிறது. எனக்கு அது அறவே பிடிக்காது. உங்கள் வேலையை ஒரு பிள்ளையின் தலையில் வைத்து, நண்பர்களுக்கும் அந்தப் பிள்ளைக்கும் பகை மூட்டும் ஏற்பாடு அது. போர்டில் பெயர் வந்தவர்களுக்கும் இரண்டு வாரத்தில் அது விருது மாதிரி ஆகிவிடும்.

பரிசு, ஸ்டார், சாக்லேட் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்வார்கள். லெப்பர், கிரீன், நிஸ்பெட் 1973-ல் செய்த ஆய்வில், ஸ்கெட்ச் பேனாவில் படம் வரைய ஆசையாக இருந்த சிறு பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்குச் சான்றிதழ் தருவதாக முன்பே சொல்லி வரைய வைத்தார்கள். பின்னால் தானாக வரைய விட்டபோது, அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். விருப்பமாகச் செய்வதற்குப் பரிசு போட்டால் விருப்பம் சுருங்கலாம். நோட்டைக் கடத்துவதில் யாருக்கும் பெரிய விருப்பம் இருக்கப்போவதில்லைதான், அங்கே ஆபத்து குறைவு. இருந்தாலும் வாய்வார்த்தையே போதும். ஏழாம் வகுப்பில் ஒருவனை எல்லோர் முன்னாலும் புகழ்ந்தால் அவனுக்குக் கூச்சம், இடைவேளையில் கிண்டல். முழு வகுப்பிடமோ ஒரு வரிசையிடமோ சொல்லுங்கள். தனி ஆளுக்கு என்றால் பக்கத்தில் போய் மெல்லிய குரலில்.

அந்த மூன்று பையன்கள். தண்டனைக்கு முன்னால் காரணத்தைக் கேளுங்கள், மூவரையும் தனித்தனியாக. தண்ணீர்க் குழாயிலோ பாத்ரூமிலோ நீண்ட வரிசை இருந்து கடைசியில் நிற்கிறார்களா? மைதானத்தின் கடைசி மூலையில் மணி காதில் விழுவதில்லையா? அல்லது உள்ளே வந்தால் முதல் ஐந்து நிமிடம் எதுவும் நடக்காது என்று தெரிந்து நிதானமாக வருகிறார்களா? போன வருடம் உங்கள் வகுப்பில் உண்மையிலேயே ஒன்றும் நடக்கவில்லையே! மூன்றாவது காரணம் என்றால், வாசலில் நீங்கள் நிற்பதும் போர்டில் வேலை காத்திருப்பதுமே பாதியைச் சரிசெய்யும். அதற்குப் பிறகும் தாமதித்தால், விட்டுப்போன அந்தக் கணக்குகளை அன்றைக்கே அவர்கள் நேரத்தில் முடித்துத் தர வேண்டும். வகுப்பின் நடுவில் விசாரணை வேண்டாம். தாமதமாக வந்தவர் சத்தமில்லாமல் உட்கார்ந்து வேலையைத் தொடங்கட்டும், பேச்சு அப்புறம்.

சில பிள்ளைகளுக்கு இவை மற்றவர்களைவிடக் கஷ்டமாக இருக்கும். கவனம் நிலைப்பதில் சிரமம் உள்ளவர்கள், காது மந்தமானவர்கள், வகுப்பு மொழி இன்னும் பழகாதவர்கள். உள்ளே வந்ததும் செய்ய வேண்டியதை நாலு சின்னப் படங்களாக ஓர் அட்டையில் வரைந்து அவர்கள் பெஞ்சில் ஒட்டிவையுங்கள், தனியாக ஒரு முறை நடத்திப் பாருங்கள். பாத்ரூம் போகும் விஷயத்தில் எந்தப் பேரமும் கூடாது. ஒரு சைகை வைத்து, ஒருவர் திரும்பியதும் அடுத்தவர் என்று விட்டுவிடுங்கள். அவசரம் என்றால் அந்த வரிசையும் கிடையாது.

நீங்கள் வேறு வகுப்புகளுக்கும் போவீர்கள் என்றால் எல்லாவற்றிலும் ஒரே சைகை, ஒரே தொடக்க முறையை வையுங்கள், உங்களுக்கே குழப்பம் வராது. இதே வகுப்புக்கு வரும் மற்ற ஆசிரியர்கள் வேறு மாதிரி நடத்தினால் அதைப் பற்றிச் சண்டை வேண்டாம். யாரிடம் எப்படி இருக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும்.

கடைசியாக, உட்கார வைப்பது. தனித்தனியாக எழுதிப் போடும் வேலைக்கு வரிசையாக உட்காருவது உதவுகிறது என்றுதான் இதைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2008-ல் வெளியான கட்டுரை சொல்கிறது. பேசிச் செய்யும் வேலைக்கு வேறு அமைப்பு பொருந்தும். கணக்கு வகுப்பு, முதல் மாதம், 42 பேர் என்பதால் வரிசையிலேயே ஆரம்பியுங்கள். இடத்தை நீங்களே முடிவு செய்யுங்கள், பெயர்ப் பட்டியல் வரிசைப்படியே. யாருக்கும் மனக்குறை வராது, யாரை யார் பக்கத்தில் வைப்பது என்று தெரியாத முதல் நாளில் வேறு வழியும் இல்லை. கண்பார்வை, உயரம் பார்த்து சிலரை மட்டும் மாற்றினால் போதும். மூன்று வாரம் கழித்து வகுப்பு உங்களுக்குத் தெரிந்ததும் யோசித்து மாற்றலாம், அப்படி மாற்றுவேன் என்று முன்பே சொல்லிவிடுங்கள். அந்த இட வரைபடத்தை ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்துக்கொண்டால் இரண்டாம் நாளே எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட முடியும். “ஏய், மூணாவது பெஞ்ச்” என்று கூப்பிடும்போது திரும்பாத தலை, பெயர் சொன்னால் திரும்பும்.

இரண்டாம் வாரம் முடிந்ததும் எழுதுங்கள். நோட்டு சேர்க்க எத்தனை நிமிடம் ஆகிறது, பிள்ளைகள் எந்த முறையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஆவல்.